வீட்டுக் கணக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் தங்கையின் கணவர் திடீரென இறைவனடி சேர்ந்தார். வயது 47. நெஞ்சுவலி என்று சொன்ன ஒரு மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுவாரம், நம் மைத்துனரின் நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி வீட்டிற்கு வந்தார். வீடு பழுதுபார்க்க மைத்துனர் அவரிடம் ரூ.80,000 கைமாற்றாகப் பெற்றிருந்தார். "இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், எனக்கும் நெருக்கடி, அம்மா" என்றார் அவர். நம் தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. தன் வளையல்கள் இரண்டை அடகு வைத்து முழுத் தொகையையும் கொடுத்தனுப்பினாள்.

ஐந்து திங்கள் சென்றன. புத்தாண்டுக்காக வீட்டைத் தூய்மை செய்தபோது, பழைய நாட்காட்டியொன்றின் பின்னட்டையில் மைத்துனரின் கையெழுத்து தென்பட்டது. அக்கடனில் ரூ.35,000 திருப்பிக் கொடுத்த நாளும், அதன் கீழே அந்நண்பரின் கையொப்பமும் இருந்தன. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண் கலங்கி, "நான் அடியோடு மறந்துபோனேன், ஐயா" என்றார். இரண்டு தவணைகளில் அத்தொகையைத் திருப்பியும் தந்தார். இதில் தீயவர் எவரும் இலர். கொடுத்தவர் நல்லவர், வாங்கியவர் நல்லவர், மீண்டும் கொடுத்தவளும் நல்லவள். ஆயினும் ஒரு கைம்பெண்ணின் வளையல்கள் ஐந்து திங்கள் அடகுக் கடையில் கிடந்தன.

மைத்துனர் கணக்கு எழுதாதவரா? அன்று. நாள்தோறும் எழுதியவர். விலை கொடுத்து வாங்கிய ஒரு கணினி நிரலில், ஒரு பைசா விடாமல் பதிந்து வந்தார். ஆனால் அதன் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அந்நிரல் அவருடைய பழைய கணினியில் மட்டுமே இயங்கும். அதனுள் இருந்த கோப்பை வேறெந்த முறையிலும் திறந்து படிக்க இயலாது. கணக்கு இருந்தது, கண்டெடுக்கத்தான் இயலவில்லை.

அன்பு வாசகர்களே, நம்முள் பலர் சிக்கனத்தைப் பற்றியும் வரவுக்கேற்ற செலவைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறோம். எழுதிய கணக்கை எங்கே, எவ்வாறு ஒழுங்குபடுத்தி வைப்பது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதனையே ஈண்டுச் சிறிது விரிவாகக் காண்போம்.

வெறும் எழுத்துக் கோப்பு

அத்துயரத்திற்குப் பின் நம் வீட்டுக் கணக்கைத் திரும்பிப் பார்த்தோம். அது மைத்துனர் வீட்டினும் மோசமாக இருந்தது. மூன்று நாட்குறிப்பேடுகள், இரண்டு வங்கிப் பாஸ்புக்குகள், கைப்பேசியில் சிதறிக் கிடந்த செய்திகள், அலமாரி நிறைய ரசீதுகள். கணினித் துறையில் பணிபுரியும் நம் அக்காள் மகன் இதைக் கண்டு, "மாமா, எந்தக் கணினியிலும் ஒரு நோட்டைப் போலத் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பில் எழுதுங்கள். கூட்டல் கழித்தலை நிரல் பார்த்துக்கொள்ளும்" என்றான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாள்களில், ஏப்ரல் முதல் தேதியன்று, நாம் தொடங்கினோம்.

வெறும் எழுத்துக் கோப்பு என்பது யாது? படமோ, அலங்காரமோ, மறைகுறியோ இன்றி எழுத்துகளும் எண்களும் மட்டுமே கொண்ட கோப்பு. இன்று எழுதியதை முப்பது ஆண்டுகள் கழித்தும் எந்தக் கணினியிலும் திறக்கலாம். அச்சிட்டுத் தாளிலும் படிக்கலாம். இத்தகைய கோப்பைப் படித்துக் கணக்கிடுவதற்கெனச் சில இலவச நிரல்கள் உள்ளன. ஜான் வீக்லி என்பவர் 2003இல் வெளியிட்ட 'லெட்ஜர்' இவற்றுள் முன்னோடி. 'லெட்ஜர்' என்றால் பேரேடு என்பதே பொருள். 2007இல் சைமன் மைக்கேல் தொடங்கிய 'ஹெச்லெட்ஜர்', மார்ட்டின் பிளே உருவாக்கிய 'பீன்கவுண்ட்' ஆகியவை அதன் வழித்தோன்றல்கள். இவற்றின் தலையாய சிறப்பு ஒன்றுண்டு. நாம் எழுதிய கோப்பே மூலக் கணக்கு. நிரல் அதனைப் படித்துக் கூட்டிச் சொல்லும் குமாஸ்தா மட்டுமே. குமாஸ்தா மாறினாலும் கணக்கு நம் கையில் இருக்கும்.

ஒரு பதிவு எவ்வாறிருக்கும் என்பதைக் காண்க:

2024-07-06 மளிகைக் கடை
    செலவு:உணவு:மளிகை    1850
    உடைமை:வங்கி:சேமிப்பு    -1850

முதல் வரியில் நாளும் விவரமும். அடுத்த இரு வரிகளில் பணம் எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சென்றது என்பது. வங்கியிலிருந்து 1850 குறைந்தது. உணவுச் செலவில் 1850 கூடியது. இரண்டையும் கூட்டினால் சுழியம். இதுவே இரட்டைப் பதிவு முறை. கூட்டுத்தொகை சுழியமாகாத பதிவை நிரல் ஏற்றுக்கொள்ளாது. எந்த வரியில் பிழை என்பதையும் சுட்டிக்காட்டும். கணக்குகள் அனைத்தும் ஐந்து பெருந்தலைப்புகளுள் அடங்கும்: உடைமை, கடன், வருவாய், செலவு, முதல். லெட்ஜரும் ஹெச்லெட்ஜரும் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். எந்தத் தலைப்பு எந்த வகை என்பதை மட்டும் ஹெச்லெட்ஜருக்குத் தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்துவிட வேண்டும்.

தொடக்கக்காரர் அனைவரும் இடறி விழும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுவோம். கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் இடையே குறைந்தது இரண்டு வெற்றிடங்கள் இருத்தல் வேண்டும். ஒன்றே விட்டால், தொகையும் பெயரோடு ஒட்டிக்கொண்டு, '1850' என்பது கணக்கின் பெயரில் ஒரு பகுதியாகிவிடும். முதல் வாரத்தில் இதனால் நாம் பட்ட பாடு கொஞ்சமன்று.

1494இல் ஒரு துறவி காட்டிய வழி

இம்முறை புதியதன்று. பிரான்சிஸ்கன் சபைத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பச்சோலி, 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். அதன் ஒரு பகுதி 36 அதிகாரங்களில் வணிகர் கணக்கெழுதும் முறையை விளக்குகிறது. இரட்டைப் பதிவை அவர் கண்டுபிடித்தார் என்பது தவறு. வெனிஸ் வணிகர்களிடம் ஏற்கெனவே வழங்கிவந்த முறையை அவர் ஒழுங்குபட எழுதி அச்சேற்றினார். கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாமல், மக்கள் பேசிய மொழியில் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஓவியர் லியோனார்தோ தா வின்சியின் நண்பர் இவர். இவருடைய மற்றொரு நூலுக்கு லியோனார்தோ படங்கள் வரைந்து தந்தார்.

பச்சோலி மூன்று ஏடுகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். முதலாவது, அன்றாடம் நடப்பதை நடந்தவுடன் குறிக்கும் கைக்குறிப்பேடு. வீட்டுத் தலைவர் மட்டுமன்றி, உதவியாளர்களும், எழுதத் தெரிந்த பெண்களும் இதில் எழுதலாம் என்கிறார். இரண்டாவது, அக்குறிப்புகளை நாள் வரிசையில், பற்று வரவு பிரித்துச் செம்மையாக எழுதும் நாளேடு. மூன்றாவது, ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிப் பக்கத்தில் தொகுத்துக் காட்டும் பேரேடு.

சற்று எண்ணிப் பாருங்கள். இன்றைய எழுத்துக் கோப்பு அந்த இரண்டாம் ஏடாகிய நாளேடே ஆகும். மூன்றாம் ஏடாகிய பேரேட்டை நிரல் நொடியில் ஆக்கித் தருகிறது. ஆகவே முதல் இரண்டையும் நாம் செவ்வனே பேணினால் போதும்.

அவர் ஏடுகளுக்கு அடையாளமிடும் முறையையும் சொல்கிறார். முதல் தொகுதி ஏடுகளின் மேல் சிலுவை அடையாளம் இட வேண்டும். அவை நிறைந்து அடுத்த தொகுதி தொடங்கும்போது அகரவரிசையின் முதல் எழுத்து, பின்னர் இரண்டாம் எழுத்து என வரிசையாக இட்டு வர வேண்டும். எந்த ஏடு எந்தக் காலத்தது என்பதில் குழப்பம் நேரக்கூடாதன்றோ! கடிதங்களையும் பத்திரங்களையும் மாதவாரியாகக் கட்டி, ஆண்டு முடிவில் எடுத்துவைப்பதற்கும் ஓர் அதிகாரத்தையே அவர் ஒதுக்கியிருக்கிறார். கணக்கெழுதுவது எவ்வளவு முக்கியமோ, எழுதியதை வைக்கும் ஒழுங்கும் அவ்வளவு முக்கியம் என்பதை ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

ஒரு கோப்பா, பல கோப்புகளா?

இக்கேள்விக்கு நாம் கண்ட விடை இது: புதிதாகத் தொடங்குவோர் ஒரே கோப்பில் தொடங்குக. முதல் நாளே பத்துக் கோப்புகளைத் திறந்துவைத்தால், எதை எங்கே எழுதுவது என்னும் மயக்கமே மிஞ்சும். பத்தாம் நாள் கணக்கு நின்றுவிடும்.

கோப்பு பெரிதாகிவிடும் என்னும் அச்சம் வேண்டா. நாளொன்றுக்கு ஐந்து பதிவுகள், பதிவுக்கு நூறு எழுத்துகள் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,825 பதிவுகள், 1,82,500 எழுத்துகள். தமிழ் எழுத்துக் குறி ஒன்று கணினியில் மூன்று பைட் இடம் பிடிக்கும். அவ்வாறாயினும் ஏறத்தாழ அரை எம்.பி. அளவே ஆகும். கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படம் இதைவிடப் பெரியது.

ஓராண்டு நிறைந்ததும் பிரிக்கலாம். எவ்வாறு பிரிப்பது? சிலர் வங்கிக்கு ஒரு கோப்பு வைப்பர். சிலர் ஆளுக்கொரு கோப்பு வைப்பர். ஆண்டுக்கொரு கோப்பே இல்லறத்திற்கு ஏற்றது என்பது நம் அனுபவம். நம் நாட்டில் வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், கோப்புகளுக்கு '2020-21', '2021-22' எனப் பெயரிட்டோம். முடிந்த ஆண்டின் கோப்பைப் பிறகு தொடுவதில்லை. அதில் தவறுதலாகக் கைபட்டு எண் மாறிவிடும் இடரும் இல்லை.

இவ்வாண்டுக் கோப்புகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது 'முதன்மை' என்னும் சிறு கோப்பு. இதில் கணக்கு எதுவும் இராது. 'இன்க்ளூட்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, அருகே ஒவ்வோர் ஆண்டுக் கோப்பின் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் போதும். நிரலிடம் முதன்மைக் கோப்பைக் காட்டினால் எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்கும். ஓர் ஆண்டின் கோப்பை மட்டும் காட்டினால் அவ்வாண்டின் வரவு செலவை மட்டும் சொல்லும்.

இவற்றோடு மேலும் இரு சிறு கோப்புகள் தேவை. ஒன்று, கணக்குப் பெயர்களின் பட்டியல். முதல் ஆண்டில் மின்கட்டணத்தைச் சில வேளை 'செலவு:மின்சாரம்' என்றும், சில வேளை 'செலவு:மின் கட்டணம்' என்றும் எழுதிவிட்டோம். இரு திங்களுக்கு ஒருமுறை செலுத்தும் ஆறு கட்டணங்களில் நான்கு ஓரிடத்திலும் இரண்டு வேறிடத்திலும் போய்ச் சேர்ந்தன. மின்செலவு குறைந்துவிட்டது என ஆண்டு முடிவில் மகிழ்ந்தோம்! பெயர்ப்பட்டியல் ஒன்றை முன்னதாக அறிவித்து, நிரலைக் கண்டிப்பு முறையில் இயக்கினால், பட்டியலில் இல்லாத பெயரைக் கண்டவுடன் அது நின்று கேட்கும். மற்றொன்று, விலைகளின் கோப்பு. தங்கத்தைக் கிராமிலும், முதலீட்டு நிதிகளை அலகிலும் பதிந்துவிட்டு, இன்ன நாளில் ஒரு கிராம் இன்ன விலை என இக்கோப்பில் ஒரு வரி சேர்த்தால், மொத்த மதிப்பை ரூபாயில் காணலாம்.

இருமடங்கான வைப்புத்தொகை

இனி நாம் செய்த பெரும்பிழையை மறைக்காமல் கூறுகிறோம், பிறர்க்குப் பயன்படுமன்றோ!

2020-21ஆம் ஆண்டில் மகளின் படிப்புக்கென ரூ.1,60,000 வங்கியில் வைப்பாக வைத்தோம். அடுத்த ஆண்டின் கோப்பைத் தொடங்கியபோது, பழைய பழக்கத்தில் 'தொடக்க இருப்பு' என எழுதி, அதே ரூ.1,60,000ஐ முதல் பதிவாக இட்டோம். தனியே பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டு கோடையில்தான் முதன்மைக் கோப்பை ஆக்கி, இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்கச் செய்தோம். வைப்பு: ரூ.3,20,000 என நிரல் காட்டியது.

நாம் ஐயுறவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்தது இவ்வளவு வளர்ந்துவிட்டதே எனப் பூரித்தோம். அன்று மாலையே மகளை அழைத்து, அவள் ஆசைப்பட்ட வெளியூர்க் கல்லூரியிலேயே விடுதியில் தங்கிப் படிக்கலாம் என வாக்களித்தோம். முன்பணம் செலுத்துவதற்கு முந்தைய இரவு, நம் துணைவியார் பீரோவிலிருந்து வைப்புப் பத்திரத்தை எடுத்துவந்தார்.

"என்னங்க, பத்திரம் ஒன்றுதானே இருக்கிறது? பணம் மட்டும் எப்படி இரண்டு மடங்கு ஆயிற்று?"

நமக்கு நா எழவில்லை. நிரல் பொய் சொல்லவில்லை. ஒரே தொகையை இரண்டு கோப்புகளில் இரண்டு முறை நாமே சொல்லியிருந்தோம். அது பணிவோடு கூட்டிக் காட்டியது. அன்றிரவே மகளிடம் உள்ளதை உள்ளபடி கூறினோம். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின்னர், "பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பேருந்தில் போய் வருகிறேன், அப்பா. முன்பணம் கட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?" என்றாள். அவ்வினா இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

இப்பிழையைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. எளிய வழி: தொடக்க இருப்பை முதன்முதல் ஆண்டுக் கோப்பில் மட்டும் எழுதுவது. பின்வரும் ஆண்டுகளில் எழுதவே கூடாது. முதன்மைக் கோப்பின் வழியே எல்லா ஆண்டுகளையும் சேர்த்தே படித்தால் இருப்பு தானாகத் தொடர்ந்து வரும். பல்லாயிரம் பதிவுகளையும் நிரல் சில நொடிகளில் படித்துவிடும் என்பதால் இதில் இடையூறு இல்லை. நாம் இன்று பின்பற்றுவது இதுவே.

மற்றொரு வழி, பச்சோலி காலத்து வணிகர் பழைய பேரேட்டை முடித்துப் புதியதைத் தொடங்கியது போன்றது. மார்ச் 31 அன்று ஒரு நிறைவுப் பதிவு எழுதி, எல்லா இருப்புகளையும் சுழியமாக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று தொடக்கப் பதிவு எழுதி அவற்றை மீட்க வேண்டும். சேர்த்துப் படிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தனியே படித்தாலும் தொடக்க இருப்பு சரியாக இருக்கும். ஹெச்லெட்ஜரில் இப்பதிவுகளை ஆக்கித் தரும் கட்டளையே உண்டு. ஆனால் முடிந்த ஆண்டின் இறுதி இருப்பைப் பார்க்கும்போது நிறைவுப் பதிவை விலக்கிப் பார்க்க நினைவு வேண்டும். இன்றேல் எல்லாம் சுழியமாகவே தெரியும்.

இரு வங்கிகள், ஒரு பரிமாற்றம்

கணவன் கணக்கு ஒரு வங்கியிலும் மனைவி கணக்கு மற்றொன்றிலும் உள்ள இல்லங்களில் வேறொரு சிக்கல் எழும். நம் கணக்கிலிருந்து துணைவியார் கணக்கிற்கு ரூ.5,000 அனுப்பினால், இரு வங்கிகளின் அறிக்கைகளிலும் அது வரும். இரண்டையும் பார்த்துப் பதிந்தால் ஒரே பரிமாற்றம் இருமுறை பதிவாகிவிடும்.

இதற்கு 'உடைமை:இடைவழி' என ஒரு கணக்கை வைத்துக்கொண்டோம். அனுப்பிய வங்கியின் அறிக்கையைப் பதியும்போது பணம் இடைவழிக்குச் செல்கிறது. பெற்ற வங்கியின் அறிக்கையைப் பதியும்போது இடைவழியிலிருந்து வெளியேறுகிறது. எல்லாம் ஒழுங்காயின் இடைவழியில் எஞ்சுவது சுழியம். சுழியம் இல்லையெனில் எங்கோ ஒரு பாதி விடுபட்டுள்ளது எனப் பொருள். ஆற்றைக் கடப்பவரை அக்கரையிலும் எண்ணுவது போன்றது இது.

வங்கிகள் தரும் அறிக்கைக் கோப்புகளைப் பதிவிறக்கி, 'வங்கி அறிக்கைகள்' என்னும் தனி உறையில் ஆண்டுவாரியாக இடுகிறோம். அவற்றில் ஓர் எழுத்தையும் திருத்துவதில்லை, அவை சான்றுகள். 2016இல் யூ.பி.ஐ. வந்த பிறகு, ஒரு கட்டுக் கீரைக்கும் வங்கியில் ஒரு வரி விழுகிறது. அவற்றையெல்லாம் கையால் எழுதுவது கடினம். ஒருமுறை விதிகளை எழுதிவைத்துவிட்டால், இன்ன கடையின் பெயர் வந்தால் இன்ன செலவு என நிரலே பிரித்துத் தரும். ஆயினும் அது பிரித்ததை ஒருமுறை கண்ணால் பார்த்தல் நலம். மருந்துக் கடையில் வாங்கிய பால்மாவை அது மருத்துவச் செலவு என்றே எண்ணும்.

ரசீதுகளுக்கு ஒரு பெயர்

பத்திரங்களையும் ரசீதுகளையும் படமெடுத்துச் சேமிப்போர் பலர். ஆனால் கைப்பேசி தானாக இடும் பெயரோடு விட்டுவிடுகின்றனர். வேண்டும்போது ஆயிரம் படங்களைப் புரட்ட நேரிடுகிறது. நாம் ஒவ்வொன்றுக்கும் '2024-07-15-மின்கட்டணம்' என்பது போலப் பெயரிடுகிறோம். ஆண்டு முதலில், பின்னர் மாதம், பின்னர் நாள். இவ்வரிசையில் எழுதினால் கணினி பெயரை வரிசைப்படுத்தும்போதே நாள் வரிசையும் அமைந்துவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் 15ஆம் தேதிகளும் ஒன்றாகக் குவிந்துவிடும். எண்களால் நாளெழுதும் இம்முறையை 1988இல் உலகத் தர அமைப்பும் வகுத்துள்ளது. கணக்குப் பதிவிலும் இதே வடிவம் என்பதால், பதிவைக் கண்டால் ரசீதையும், ரசீதைக் கண்டால் பதிவையும் உடனே எடுக்கலாம்.

அந்த நாட்காட்டி அட்டையை இம்முறையில் வைத்திருந்தால், தங்கையின் வளையல்கள் அடகுக்குச் சென்றிரா.

ஞாயிறு மாலை அரை மணி

ஒழுங்கு என்பது கோப்பில் மட்டும் இல்லை, பழக்கத்திலும் இருக்கிறது. பச்சோலி, ஆண்டு முடிவில் ஏடுகளை ஒத்துப்பார்க்க இருவர் அமர வேண்டும் என்கிறார். உதவியாளர் நாளேட்டைப் படிக்க, தலைவர் பேரேட்டில் அடையாளமிட்டுவர வேண்டும். நாமும் ஞாயிறு மாலை அரை மணி நேரம் இருவராக அமர்கிறோம். வாரம் முழுதும் சமையலறையில் தொங்கும் சிறு குறிப்பேட்டில் துணைவியாரும் பிள்ளைகளும் ரொக்கச் செலவைக் குறித்திருப்பர். அதுவே நம் கைக்குறிப்பேடு. துணைவியார் படிக்க, நாம் பதிகிறோம். அடுத்த வாரம் பணி மாறும். நாம் படிக்க, அவர் பதிவார். வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

முடிவில் வங்கி இருப்பை ஒரு பதிவில் உறுதிசெய்கிறோம். தொகைக்கு அருகே சமக்குறியிட்டு, வங்கி காட்டும் இருப்பை எழுதினால் போதும். நம் கணக்கு அதனோடு ஒத்துவராவிடில் நிரல் உடனே அறிவிக்கும். தவறு அந்த ஒரு வாரத்திற்குள் இருப்பதால் தேடுவது எளிது. ஆண்டு முழுதும் விட்டுவிட்டு மார்ச்சில் தேடுவோர் படும் துன்பம் நமக்கில்லை.

காவலும் படியும்

எவரும் படிக்கக்கூடிய கோப்பு என்பது நன்மை. அதுவே இடரும் ஆகும். ஆகவே அதில் கடவுச்சொல், அட்டை எண், ரகசிய எண் எதனையும் எழுதலாகாது. வங்கிக் கணக்கெண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். கோப்புகள் உள்ள கணினிக்குப் பூட்டு வேண்டும்.

ஒரே படி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். நாம் மூன்று படிகள் வைக்கிறோம். ஒன்று கணினியில், ஒன்று மாதம் ஒருமுறை நிரப்பும் பென்டிரைவில், பீரோவுக்குள், ஒன்று தங்கையின் வீட்டில். வெள்ளமோ தீயோ ஒரு வீட்டை அண்டினாலும் மற்றொரு வீட்டில் கணக்கு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, படியைத் திறந்து உண்மையில் படிக்க முடிகிறதா எனச் சோதிக்கிறோம். திறந்து பார்க்காத படி, தண்ணீர் இருக்கிறதா என எட்டிப் பாராத கிணறு.

பீரோவில் ஒரு தாள்

இவ்வளவும் செய்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. நாம் இல்லாதபோது இதை யார் திறப்பார்? எப்படித் திறப்பார்?

ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்தொகையை அச்சிட்டு, அதனோடு ஒரு தாளைக் கையால் எழுதி வைக்கிறோம். கணக்குக் கோப்புகள் எந்த உறையில் உள்ளன, முதன்மைக் கோப்பு எது, எந்த நிரலில் படிக்க வேண்டும், நிரல் இல்லாவிடினும் எவ்வாறு வெறுமனே திறந்து படிக்கலாம், எந்தெந்த வங்கிகளில் கணக்கு உள்ளது, நியமனதாரர் யார், காப்பீட்டுத் தவணை எந்த மாதம், நாம் யாருக்குத் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும். கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் தனி உறையில், அரக்கிட்டு. கைமாற்றாக வாங்கிய நூறு ரூபாயும் அத்தாளில் இருக்கும். ஒரு பக்கத்திற்கு மேல் போகலாகாது. துயரத்தில் இருப்பவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

சென்ற ஆண்டு இத்தாளைச் சோதித்துப் பார்த்தோம். "நான் இல்லையென எண்ணிக்கொள்" எனத் துணைவியாரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார். "நல்ல பேச்சுப் பேசுங்கள்" என்றார். ஆயினும் தாளைப் பார்த்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். 'கடன்' என்னும் சொல்லைத் தேடினார். நிலுவை எவ்வளவு என்பதைத் தாமே கண்டார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மைத்துனர் வீட்டில் இதே வேலைக்கு நமக்கு ஐந்து திங்கள் பிடித்தன.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் முன்னோர். அளந்ததை எழுதிவை, எழுதியதைப் பிறர் எடுக்கும் இடத்தில் வை என நாம் சேர்த்துக்கொள்வோம். கணினி இல்லாத இல்லங்களும் கவலற்க. இங்குச் சொன்ன ஒழுங்கு அனைத்தும் நாலு நோட்டுகளுக்கும் பொருந்தும்: ஆண்டுக்கொரு நோட்டு, மாறாத தலைப்புகள், நாள் இட்ட ரசீதுகள், வாரம் ஒருமுறை ஒத்துப்பார்த்தல், வேறொரு வீட்டில் ஒரு படி, பீரோவில் ஒரு தாள்.

நம் தங்கை இன்று தன் கணக்கைத் தானே எழுதுகிறாள். சென்ற கிறிஸ்து பிறப்புக்கு நாம் சென்றிருந்தபோது, கையில் அவ்வளையல்கள் இரண்டும் இருந்தன. "அண்ணா, இவையும் கணக்கில் இருக்கின்றன. உடைமை, தங்கம்" என்று சிரித்தாள். வாசகரே, இவ்வாரமே உங்கள் இல்லத்தில் அத்தாளை எழுதத் தொடங்குவீர்களாக!